உண்ணாதவன் மீது பழி உண்டோ?

அஸர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின், தூணோரம் நின்றிருந்த ஒருவர் நம்மிடம் வந்து, குரலைத் தாழ்த்தி ஒரு மஸ்அலா கேட்டார். "ஹஜ்ரத், வீட்டில் சோறு இருக்கிறது. உடம்பில் வேறு நோய் இல்லை என்று டாக்டர் சொல்கிறார். அப்படியிருந்தும் ஒருவன் உண்ண மறுத்தால் அது பாவமாகுமா?"

கேட்டவர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த நடுத்தரக் குடும்பத்தவர். 'ஒருவன்' என்று அவர் குறித்தது தம் மகனைத்தான் என்பதை நாம் அறிவோம். அம்மகன் நம்மிடம் ஓதிக்கொண்டிருந்த மாணவன், வயது பதினேழு. நாம் சற்றும் தயங்கவில்லை. இறைவன் அருளிய ரிஸ்கை மறுப்பது நன்றி மறத்தல் என்றும், தன்னைத்தானே நலியச் செய்துகொள்ள எவருக்கும் உரிமையில்லை என்றும், இதை அவனிடம் கண்டிப்பாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் விடையளித்தோம். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். இது நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த விடையில் சட்டப் பிழை ஏதுமில்லை. ஆயினும் அதைவிடத் தவறான ஒரு விடையை நம் ஆசிரியப் பணியில் நாம் சொன்னதாக நினைவில்லை.

அந்தப் பிழைக்கு முன்னரே இன்னொரு பிழையும் செய்திருந்தோம். அதையும் சொல்லிவிடுவதே முறை. அம்மாணவன் முதலில் திங்களும் வியாழனும் நோன்பு நோற்றான். சில மாதங்களில் அது ஒன்றுவிட்டு ஒருநாள் என்றாயிற்று. பின்னர், விலக்கப்பட்ட நாட்கள் நீங்கலாக ஏறத்தாழ நாள்தோறும் நோற்கலானான். நோன்பு திறக்கும் வேளையில் ஏனைய மாணவர்கள் கஞ்சிக் கோப்பையோடு அமர்ந்திருக்க, இவன் ஒரு பேரீச்சம்பழத்தை நான்காகக் கீறி, ஒவ்வொரு துண்டையும் நெடுநேரம் மென்றுகொண்டிருப்பான். தன் கஞ்சியை அருகிலிருப்பவனுக்குக் கொடுத்துவிடுவான். பரிமாறும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். சமையற்காரருக்கே பக்குவம் சொல்லுமளவு உணவைப் பற்றி அறிந்திருந்தான். இரவில் எல்லோரும் உறங்கிய பின் மொட்டைமாடியில் நடந்துகொண்டிருப்பான். நாம் என்ன செய்தோம்? வகுப்பில் அவனை எழுந்து நிற்கச் சொல்லி, "நஃப்ஸை அடக்குவது எப்படி என்று இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றோம். மே மாத வெயிலில் அவன் ஒரு சட்டையின் மேல் இன்னொரு சட்டை அணிந்து வந்ததையும், முஸாஃபஹா செய்கையில் அவன் கை சில்லிட்டிருந்ததையும் கவனித்தோம். கவனித்தும் பொருள் விளங்கவில்லை.

ஆக, முதலில் புகழ்ந்தோம். சில மாதங்கள் கழித்துப் பழித்தோம். இரண்டும் ஒரே செயலைப் பற்றியவை. நோன்பு என்ற பெயர் ஒட்டியிருந்தவரை அது தவமாகத் தெரிந்தது. அப்பெயர் கழன்றதும் அடமாகத் தெரிந்தது. நோய் என்னும் மூன்றாவது பெயர் நம் நாவுக்கு வரவேயில்லை. அது ஏன் வரவில்லை என்பதை நாம் பின்னர் நெடுநாள் எண்ணிப் பார்த்ததுண்டு. ஒரு பெண்பிள்ளை அவ்வாறு மெலிந்திருந்தால் ஆறு மாதத்துக்கு முன்பே அவள் தாய் நம்மிடம் வந்து அழுதிருப்பாள். ஆண்பிள்ளை மெலிந்தபோது, அந்த மெலிவுக்கு நாமே ஒரு நற்பெயரைத் தேடிக் கொடுத்துவிட்டோம்.

அந்நோய்க்கு மருத்துவர்கள் இட்ட பெயர் அனோரெக்ஸியா நெர்வோஸா. பசியின்மை என்பது அதன் நேர்ப்பொருள். பெயர் பொருத்தமற்றது. அந்நோயாளிக்குப் பசி இல்லாமலில்லை; உடல் பருத்துவிடும் என்னும் பேரச்சம் பசியை மிதித்துக்கொண்டு நிற்கிறது. அதன் உடன்பிறப்பு புலிமியா. தன்னைத் தடுத்துக்கொள்ள இயலாதவராய், மறைவில், அளவு கடந்து உண்டு, பின்னர் வாந்தி எடுத்தோ பட்டினி கிடந்தோ உடலை வருத்தியோ அதை ஈடுகட்ட முயலும் நிலை அது. அவ்வாறு ஈடுகட்டாமல், அளவு கடந்து உண்பதும் அதற்காக வெட்குவதுமாகவே நாட்களைக் கழிக்கும் நிலை மூன்றாவது. இதுவே மற்ற இரண்டினும் மிகுதியாகக் காணப்படுவது. புலிமியா என்பது 'காளைப் பசி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் அரபி மருத்துவர்கள் அச்சொல்லை 'ஜூஉல் பகரி' என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' நூலில் அதைக் காணலாம். அவர் விவரித்த நோயும் இன்று அப்பெயரால் வழங்கும் நோயும் ஒன்றல்ல என்பது வேறு. உண்ணும் செயலில் நேரும் கோணலை நோயாக வைத்துப் பேசும் மரபு நமக்குப் புதிதன்று என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

இது விளையாட்டான நோயன்று. 2011-ஆம் ஆண்டு 36 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், அனோரெக்ஸியா உற்றவர்களிடையே மரணம் அதே வயதினரான பிறரைக் காட்டிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு நேர்வதாகக் கண்டனர். அம்மரணங்களில் ஐந்தில் ஒன்று தற்கொலை.

நிற்க. இது பெண்களின் நோய் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? வரலாற்றைப் புரட்டினால் வியப்பாக இருக்கிறது. லண்டன் மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன் 1689-இல் இலத்தீனில் எழுதி வெளியிட்ட க்ஷயரோக நூலில், காய்ச்சலோ இருமலோ இன்றி, உள்ளத்தின் துயரால் உணவை விட்டு உருகிப்போன இருவரைப் பற்றி எழுதினார். ஒருத்தி பதினெட்டு வயதை எட்டிய பெண், மருந்தை வெறுத்தாள், சில மாதங்களில் மயங்கி விழுந்து இறந்தாள். மற்றவன் பதினாறு வயதுப் பையன். ஒரு பாதிரியாரின் மகன். அளவு மீறிய படிப்பும் மனக் கொந்தளிப்பும் அவனை உருக்கின என்று மார்ட்டன் கணித்தார். நூல்களை மூடிவைத்துவிட்டு நாட்டுப்புறக் காற்றுக்குச் செல்லவும், குதிரை ஏறவும், பாலுணவு கொள்ளவும் பணித்தார். பையன் பெருமளவு தேறினான். மார்க்க அறிஞரின் வீடு, இடைவிடாத படிப்பு, உணவைத் துறந்த ஒரு சிறுவன்! முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய அப்பக்கத்தைப் பற்றி அறிந்தபோது நமக்கு நம் வகுப்பறை நினைவுக்கு வந்தது.

ஆங்கில மருத்துவத்தில் இந்நோயின் தலைவாயிலிலேயே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சரிசமமாக நின்றிருக்கிறார்கள். பின்னர் 1873-இல் பாரிஸ் மருத்துவர் லாசேக் இதற்கு 'ஹிஸ்டீரியா' சார்ந்த ஒரு பெயரைச் சூட்டினார். அச்சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நம் ஹகீம்களும் அந்நோயைக் 'இக்தினாகுர் ரஹிம்', அதாவது கருப்பையின் மூச்சுமுட்டல், என்றே வழங்கினர். கருப்பையின் பெயரால் அழைக்கப்படும் நோய் ஆணுக்கு எப்படி வரும்? லண்டனில் சர் வில்லியம் கல் இதைக் கவனித்தார். ஆண்களிடமும் இதைத் தாம் கண்டிருப்பதால் அப்பெயர் ஆகாது என்று ஒதுக்கி, 'நெர்வோஸா' என்னும் பொதுச்சொல்லைத் தேர்ந்தார். ஆண்களுக்காகவே மாற்றப்பட்ட பெயர் நிலைத்துவிட்டது, ஆண்கள்தாம் மறக்கப்பட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட நோய்க் கையேடு, மாதவிடாய் நின்றுபோதலை இந்நோயின் கட்டாய அடையாளங்களுள் ஒன்றாக வைத்திருந்தது. அந்த அடையாளத்தை எந்த ஆணால் காட்ட முடியும்? 2013-இல் வந்த பதிப்பில்தான் அது நீக்கப்பட்டது. அதற்கிடையில், 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அனோரெக்ஸியா, புலிமியா உற்றோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஆண் என்று காட்டியிருந்தது. உடலை முறுக்கேற்ற வேண்டும் என்னும் வெறியில் உணவை அளந்து அளந்து வாழும் இளைஞர் கூட்டத்தையும் சேர்த்து எண்ணினால் நிலைமை இன்னும் தெளிவாகும். தான் மெலிந்திருப்பதாகவே கண்ணாடியில் காணும் அவர்களுடைய நோயும் இதன் மறுபுறமே. உடற்பயிற்சிக் கூடத்தில் அதற்கு வைத்திருக்கும் பெயர் கட்டுப்பாடு.

இனி, பழி பற்றிய வினாவுக்கு வருவோம். உண்ண மறுப்பவன் தன் விருப்பத்தால்தானே மறுக்கிறான்? விருப்பம் உள்ள இடத்தில் பொறுப்பு உண்டு. பொறுப்பு உள்ள இடத்தில் பழியும் உண்டு. நாமும் அவ்வாறே எண்ணித்தான் அத்தந்தைக்கு விடையளித்தோம். இந்த எண்ணத்தை அசைத்த ஒரு சோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலம். ஐரோப்பாவில் பட்டினியால் நலிந்த மக்களுக்கு எவ்வாறு மீண்டும் உணவூட்டுவது என்பதை அறிய, அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக் கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 1944 நவம்பரில் ஒரு சோதனை தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத 36 இளைஞர்கள் தாமே முன்வந்து அதில் சேர்ந்தனர். உடலும் உள்ளமும் செம்மையாக இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். கால்பந்து அரங்கின் படிக்கட்டுகளுக்கு அடியிலிருந்த அறைகளில் தங்கினார்கள். முதல் 12 வாரம் வழக்கமான உணவு. அடுத்த 24 வாரம் அரைப்பட்டினி; உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு குறையுமாறு அளந்து தரப்பட்டது. அதன் பின் மீட்பு.

என்ன நேர்ந்தது? அவ்விளைஞர்கள் உணவைத் தவிர வேறெதையும் எண்ண இயலாதவர் ஆனார்கள். சமையல் நூல்களை வாங்கிக் குவித்து, கதை நூலைப் போல் வாசித்தார்கள். தட்டிலிருந்த சிறிதளவு உணவைக் கிளறிக் கிளறி, மணிக்கணக்கில் உண்டார்கள், தட்டை நக்கினார்கள். எப்போதும் குளிர்ந்தது. நண்பர்களை விட்டு விலகினார்கள், சிறு ஓசைக்கும் சீறினார்கள், சிரிப்பை மறந்தார்கள். சிலர் மறைவாக உண்டுவிட்டுக் குற்றவுணர்வால் துடித்தார்கள். மீட்புக் காலத்தில் ஒருவர் கோடரியால் தம் கைவிரல்கள் மூன்றைத் துண்டித்துக்கொண்டார். தெரிந்தே செய்தாரா, தவறிப்போய் நேர்ந்ததா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. உணவு தாராளமாகக் கிடைத்த பின்னும் பலருக்கு எவ்வளவு உண்டாலும் நிறைவு வரவில்லை. 1950-இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்த அறிக்கையில் இவையெல்லாம் பதிவாகியுள்ளன.

நாம் சுட்ட விரும்புவது இது. அவ்விளைஞர்கள் அனோரெக்ஸியா நோயாளிகள் அல்லர். பருத்துவிடுவோம் என்ற அச்சம் அவர்களுக்கு இல்லை. பட்டினி ஒன்றே அவர்கள் உள்ளத்தை அவ்வாறு திருகிவிட்டது. பேரீச்சம்பழத்தை நான்காகக் கீறியதும், சமையற்காரருக்குப் பக்குவம் சொன்னதும், இரண்டு சட்டை அணிந்ததும், மாடியில் தனித்து நடந்ததும் நம் மாணவனின் 'குணம்' என்று நாம் நினைத்திருந்தோம். அவற்றுட் பல பட்டினியின் குணம். முதல் நாள் அவன் உணவைக் குறைத்தது விருப்பத்தால் இருக்கலாம். நூறாவது நாள் குறைத்தவன் அதே மனிதன் அல்லன்; தேர்ந்து முடிவெடுக்கும் உறுப்பாகிய மூளையே அதற்குள் பட்டினி கிடந்துவிட்டது. கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் இறங்கியவன் பாதியில் கயிறு அறுந்து விழுந்தான் என்றால், இறங்கியது அவன் விருப்பம், ஏறாதிருப்பதும் அவன் விருப்பமே என்று மேலே நின்று சொல்லலாமோ?

இதில் பிறவிக் கூறும் உண்டு. 2019-இல் ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிஞர்கள், இந்நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களைக் கண்டனர். அவை மனநோய்களோடு மட்டுமின்றி, உடல் உணவைச் செரித்து ஆற்றலாக்கும் முறையோடும் உறவுடையவை. ஆகவேதான் பத்துப் பேர் ஒரே நோன்பை நோற்க, ஒன்பது பேர் பெருநாளன்று பிரியாணியில் கைவைக்கும்போது, பத்தாமவன் மட்டும் திரும்பி வர வழி தெரியாமல் நிற்கிறான்.

மார்க்கச் சட்டம் பொறுப்பை எப்போதும் இயலுமையோடு சேர்த்தே அளந்திருக்கிறது. நோயாளிக்கு நோன்பைத் தளர்த்தியது அதுவே. அளவு மீறிய நோன்பை வணக்கமாக ஏற்காததும் அதுவே. நாள்தோறும் நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் படிப்படியாகத் தடுத்து, ஒன்றுவிட்டு ஒருநாள் என்பதை எல்லையாக வைத்தார்கள். முதுமையில் அப்பெருந்தகை, தமக்குத் தரப்பட்ட எளிய சலுகையையே ஏற்றிருக்கலாமே என்று வருந்தியதும் பதிவாகியுள்ளது. இவையெல்லாம் நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்தும் ஹதீஸ்கள்தாம். பாடம் நடத்திய வாயாலேயே அம்மாணவனைப் புகழ்ந்தோம் என்பதுதான் வெட்கம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா' நூலில் இரு இச்சைகளை முறிப்பது பற்றிய பகுதியைக் காட்டி, பசி உயர்ந்ததன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். உயர்ந்ததுதான், ஆனால் அப்பகுதியின் இறுதி வரை படிக்க வேண்டும். நடுநிலையே நோக்கம் என்றும், உணவைத் துறந்ததைப் பிறர் அறிவதால் வரும் முகஸ்துதி உணவின் இச்சையைவிடக் கொடிது என்றும் இமாம் அங்கே எச்சரிக்கிறார்கள். நம் மாணவன் முகஸ்துதிக்காகப் பட்டினி கிடக்கவில்லை. அதை வகுப்பில் ஏற்றிவிட்டவர்கள் நாமே.

அதே இமாமின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சி இங்கே பொருந்தும். ஹிஜ்ரி 488, ரஜப் மாதம், கி.பி. 1095. பக்தாதின் நிஜாமிய்யாவில் பல நூறு மாணவர்க்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த அவர்களுடைய நா ஒருநாள் கட்டுண்டது. பாடம் நடத்த முடியவில்லை. தொடர்ந்து உணவும் இறங்கவில்லை. நீராகாரமும் தொண்டையைக் கடக்கவில்லை. ஒரு கவளமும் செரிக்கவில்லை. மருத்துவர்கள் கைவிட்டனர். நோய் உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவியிருப்பதாகவும், உள்ளத்தின் கவலை நீங்கினாலன்றி மருந்தால் பயனில்லை என்றும் அவர்கள் சொன்னதை இமாம் தம் 'அல்முன்கித்' நூலில் எழுதியுள்ளார்கள். இதை இன்றைய நோயின் பெயரால் அழைக்க நாம் துணியோம். அது வேறு, இது வேறு. நாம் வியப்பது அம்மருத்துவர்களின் பண்பைக் கண்டே. பேரறிஞர் ஒருவர் உண்ணவியலாது நின்றபோது அவர்கள் கண்டிக்கவுமில்லை, தவம் என்று போற்றவுமில்லை. உள்ளத்தில் ஒரு நோய் இருக்கிறது என்று மட்டும் கண்டார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் இருந்த அந்தத் தெளிவு நம் ஊரில் நமக்கு இல்லாமற் போயிற்று.

ஆண்களைப் பொறுத்தவரை பழியைவிட வெட்கமே பெரிய பூட்டு. பிரிட்டனில் 1997 முதல் 2007 வரை துணைப் பிரதமராக இருந்த ஜான் பிரஸ்காட், தாம் பல ஆண்டுகள் புலிமியாவால் அவதியுற்றதை 2008-இல் வெளிப்படுத்தினார். ரயில்வே ஊழியரின் மகன். கப்பலில் பரிமாறுபவராக இருந்து தொழிற்சங்கம் வழியே உயர்ந்தவர். உரத்த குரலும் முரட்டுத் தோற்றமும் உடையவர். பதவியின் நெருக்கடி மிகும்போதெல்லாம் மறைவாக உண்டு, மறைவாக வாந்தியெடுத்திருக்கிறார். கண்டுபிடித்தவர் அவர் மனைவி. மருத்துவரிடம் சென்றபோது காத்திருப்போர் அறை முழுவதும் இளம்பெண்கள். ஆண் தாம் ஒருவரே என்று கூசிப்போனதாக அவர் எழுதினார். அவர் வாய் திறந்ததும் பத்திரிகைகளில் சிலர் எள்ளி நகையாடினர். உண்டு பருத்த உருவத்தில் அவ்வளவு துயரம் இருக்கும் என்று அவர்களால் நம்ப முடியவில்லை. 2024 நவம்பரில் அவர் காலமானார். மெலிந்தவர்தாம் நோயாளி என்று நினைப்பதும் ஒரு பிழையே. தோற்றத்தை வைத்து இந்நோயை அளக்க இயலாது.

சிகிச்சை பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நம் மாணவனின் பெற்றோர் முதலில் காசநோய்க்கும் தைராய்டுக்கும் சோதித்தார்கள். டானிக்குகள் வாங்கினார்கள். நாமும் தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். துஆவைக் குறைத்துச் சொல்லவில்லை, அதோடு நின்றுவிட்டதைச் சொல்கிறோம். ஒருநாள் அவன் உளூச் செய்யும் ஹவ்ளின் படியில் மயங்கி விழுந்தான். அதன் பின்னரே நகரத்தில் இந்நோயில் பழகிய ஒரு மனநல மருத்துவரிடம் சென்றார்கள். அவர் முதற்கண் செய்தது வியப்பாக இருந்தது: நிறைய உண்ணச் சொல்லவில்லை. நெடும்பட்டினியில் இருப்பவருக்குத் திடீரென வயிறார ஊட்டினால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட் முதலிய உப்புகள் சரிந்து இதயம் நின்றுவிடக்கூடும். போர்ச் சிறைகளிலிருந்து மீண்டவர்கள் பலர் அப்படி இறந்திருக்கிறார்கள். ஆகவே இரத்தச் சோதனைகளோடு, சிறிது சிறிதாக உணவு கூட்டப்பட்டது.

உடல் ஆபத்தைக் கடந்த பின் தொடங்கியது பேச்சு முறைச் சிகிச்சை. அறிவுரை கூறுவதன்று அது. ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் பேர்பர்ன் வகுத்த முறை ஒன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. எடை மிகக் குறையாதவர்களுக்கு 20 அமர்வு. குறைந்தவர்களுக்கு 40 வரை. உண்ட நேரத்தையும் அப்போது உள்ளத்தில் ஓடியதையும் நோயாளியே குறிப்பேட்டில் எழுத வேண்டும். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் குறித்த வேளையில் மூன்று உணவும் இடையில் சிற்றுண்டியும் கொள்ள வேண்டும். தன் மதிப்பு முழுவதையும் உடல் எடை என்னும் ஒரே தராசில் வைத்துவிட்டதை நோயாளி மெல்ல மெல்லத் தானே காண்கிறார். வேறு தராசுகளும் உண்டு என்று பழகுகிறார்.

இளையோருக்கு வேறு வழி. சர் வில்லியம் கல், இந்நோயாளிகளைப் பேணுவதற்கு உறவினர்களே மிகவும் தகாதவர்கள் என்று எழுதியிருந்தார். நூறாண்டு கழித்து லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் அது தலைகீழாயிற்று. 1987-இல் ஜெரால்டு ரஸ்ஸலும் உடனிருந்தோரும் வெளியிட்ட ஆய்வில், 19 வயதுக்கு முன் நோயுற்று மூன்றாண்டுக்கு மேற்படாதவர்களுக்குக் குடும்பத்தோடு சேர்த்து அளித்த சிகிச்சையே கூடுதலாகப் பயன் தந்தது. புலிமியாவை 1979-இல் தனி நோயாக விவரித்தவரும் இந்த ரஸ்ஸல்தான். இம்முறையில், நோய்க்குப் பெற்றோர் காரணமல்லர் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். பிறகு உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோரிடமே ஒப்படைக்கிறார்கள். தாயும் தந்தையும் ஒவ்வொரு வேளையும் பிள்ளையோடு அமர்ந்து, கோபிக்காமல், கெஞ்சாமல், உணவு முடியும் வரை எழாமல் இருக்க வேண்டும்.

இதைக் கேட்டபோது நமக்கு ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் நினைவு வந்தது. தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) வீட்டுக்கு அவர்கள் சென்றபோது, அபுத்தர்தா உணவு வைத்துவிட்டு, தாம் நோன்பாளி என்றார். ஸல்மான் வாதிடவில்லை, நீர் உண்ணும் வரை நானும் உண்ணேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவர் உண்டார். பெருமானார் (ஸல்) அவர்களும் பின்னர் ஸல்மானின் பக்கமே உண்மை இருப்பதாகச் சொன்னார்கள். நாம் மாணவர்களுக்கு அந்த ஹதீஸின் சட்டத்தை விளக்குவோமேயன்றி, ஸல்மான் அங்கே உட்கார்ந்திருந்த முறையைச் சொன்னதில்லை.

ஆனால் சிகிச்சைக்குப் பொருள் வேண்டும். பிரிட்டனில் அரசாங்க மருத்துவம் இலவசம். இருந்தும் காத்திருப்பு நீள்வதால் இயன்றவர்கள் தனியார் நிபுணரை நாடுகிறார்கள். நம் நாட்டிலோ இந்நோயில் பழகியவர்கள் பெருநகரங்களில்தான், அதுவும் பெரும்பாலும் தனியாரிடந்தான் கிடைக்கிறார்கள். அத்தந்தைக்கு ஓர் அமர்வின் கட்டணம் கடையின் இரண்டு நாள் வருவாய். நாற்பது அமர்வுகளும் பயணச் செலவும் சேர்ந்து, அவர் மனைவியின் காப்புகளில் இரண்டை விழுங்கின. மருத்துவர் கூலி பெறுவதில் குற்றமில்லை. பல்லாண்டு கற்ற கல்விக்கு விலை உண்டு. நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் ஜகாத் நிதியிலிருந்து தயங்காமல் கொடுக்கும் நாம், இதற்கு ஒருவர் கேட்டால் "சோறு தின்ன வைக்க டாக்டரா?" என்கிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவக் காப்பீட்டில் மனநோயையும் உடல்நோய்க்கு நிகராகச் சேர்க்க வேண்டும் என்கிறது. இதைக் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

பொருள் கொடுப்பவர் யாரிடம் கொடுக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். மருத்துவம் கல்லாதவன் மருத்துவம் செய்து கேடு நேர்ந்தால் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பது நம் பிக்ஹு மரபு. பிரிட்டனிலேயே 'ஆலோசகர்' என்று எவரும் பலகை மாட்டிக்கொள்ளத் தடையில்லை. மனநல மருத்துவரும் உடல்நல மருத்துவரும் உணவியலாரும் இணைந்து பார்க்கிறார்களா, இந்நோயில் முன்பழக்கம் உண்டா, இரத்தமும் இதயத் துடிப்பும் சோதிக்கப்படுகின்றனவா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. அத்தந்தை இதையெல்லாம் மறைவாகவே செய்தார். கடைக்காரர்களிடம் மகன் மேற்படிப்புக்குப் போயிருப்பதாகச் சொன்னார். நோயாளியின் மானத்தைக் காப்பது கடமை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர் மறைத்தது மகனின் மானத்துக்காகவா, தம் மானத்துக்காகவா என்று நாம் கேட்கவில்லை. கேட்கும் தகுதி நமக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை.

அம்மாணவனுக்கு இப்போது இருபத்தாறு வயது. தேறினான் என்று ஒரே சொல்லில் சொல்ல இயலாது. இரண்டு முறை சறுக்கி எழுந்தான். ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். நாம் புகழ்ந்ததைப் பற்றி ஒருமுறை அவனிடம் நாமே பேச்செடுத்து, தவறு நம்முடையது என்றோம். அவன் நெடுநேரம் பேசாமலிருந்து, "அன்றைக்கு நீங்கள் எழுந்து நிற்கச் சொன்னீர்களே ஹஜ்ரத், அதற்குப் பிறகு உட்காரவே வழி தெரியவில்லை" என்றான்.

மருத்துவர் இன்னும் அவனை நோன்பு நோற்க விடவில்லை. ரமலானில் ஊரெல்லாம் நோற்றிருக்க, பட்டப்பகலில் உண்பது அவனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு போராட்டம். நோன்பு என்ற சொல்லே அவனைப் பழைய இடத்துக்கு இழுக்கிறது என்கிறான். கடந்த இரண்டு ரமலான்களிலும் வேலை நாட்களில் லுஹருக்குப் பிறகு நம் வீட்டுக்கு வருகிறான். வீட்டிலுள்ளோர் அவனுக்கென்று சோறும் மீன் ஆணமும் ஒரு முட்டையும் எடுத்துவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். நாம் நோன்போடு எதிரில் அமர்ந்திருப்போம். உணவைப் பற்றிப் பேசுவதில்லை. அவன் தம்பியின் படிப்பு, கடைத் தெருவில் தோண்டிப் போட்ட சாக்கடை, இப்படி ஏதாவது. சில நாள் இருபது நிமிடம் ஆகிறது, சில நாள் முக்கால் மணி. தட்டு காலியான பின் அவனே எழுந்து போய்க் கழுவி வைக்கிறான்.